இடைவேளை வரை பார்த்தவர்

விளக்குகள் அணைந்த அந்தக் கணத்திலேயே துரைசிங்கின் வலக்கை சட்டைப் பைக்குள் சென்று பென்சிலைத் தேடியது. பென்சில் அங்கே இராது என்பது அவருக்குத் தெரியும். காலையில் குறிப்பேட்டை மூடி அதன்மேல் பென்சிலைக் குறுக்காக வைத்து, இன்றைக்கு நீங்கள் இருவரும் வீட்டிலேயே இருங்கள் என்று ஏறக்குறைய வாய்விட்டே சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். ஆனாலும் கை போயிற்று. வெறும் பையைத் துழாவியது. பிடிபட்டதுபோல மடிக்குத் திரும்பியது. அதை இடக்கையால் மூடி வைத்துக்கொண்டார். முடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, இரண்டு மணி ஏழு நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாத உடம்பா இது, கணித ஆசிரியராகத் தேர்வறையில் மூன்று மணி நேரம் நின்றே கழித்த உடம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. நான்கு ஆண்டுகளில் மகள் ஜெமிமாவிடமிருந்து வந்த முதல் செய்தி. வியாழக்கிழமையோட படத்தை எடுத்துர்றாங்கப்பா, பெரம்பூர்ல ஒரு தியேட்டர்ல பதினொன்றே கால் ஷோ மட்டும் ஓடுது, ஒரே ஒரு தடவை முடியற வரைக்கும் உட்கார்ந்து பாருங்க, பாத்துட்டு எனக்குப் பேசுங்க, முடியலன்னா பேச வேண்டாம், இனிமே நானும் கேக்க மாட்டேன். அதை அவர் எத்தனை முறை படித்தார் என்பதற்கு மட்டும் கணக்கில்லை. கடைசிச் சொற்றொடரில் கோபம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடினார். கோபம் இருந்தால் அதற்குப் பதில் சொல்லலாம். அது களைத்துப்போன ஒருத்தி தெருமுனையில் நின்று கடைசி முறையாகத் திரும்பிப் பார்ப்பதைப்போல் இருந்தது. அதனால்தான் வந்தார், வழக்கமான இடத்திலேயே, கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய இருக்கையில், எழுந்து வெளியேறுகிறபோது யாருடைய பார்வைக்கும் இடைஞ்சல் இல்லாத அந்த இருக்கையில், பழக்கத்தின் காரணமாகவே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், எழுந்து போவதற்கென்றே வைத்துக்கொண்ட இடம் இது என்பது உறைத்தது. இடம் மாறலாமா என்று யோசிப்பதற்குள் திரையில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது.

ஒரு குழாய், அதன் கீழ் எச்சில் தட்டுகள், தட்டுகளுக்கு மேல் இரண்டு கைகள். முகம் வரவில்லை. முகத்துக்கு முன்னால் குரல் வந்தது, அந்தக் குரல் ஒரு வசைச்சொல்லோடு வந்தது, உடனே அவருடைய கட்டைவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டது. ஒன்று. அவர் தொடச் சொல்லவில்லை. மதுக்கடையின் பின்பக்கத்தில் தட்டும் தம்ளரும் கழுவுகிற செண்பகம் என்ற பெண்ணாக ஜெமிமா நடிக்கிறாள் என்பதைச் சுவரொட்டியிலேயே பார்த்திருந்தார். சுவரொட்டியில் ஜெமிமா என்று இல்லை, நித்திலா என்று இருந்தது, தாயும் தகப்பனும் சபையும் சேர்ந்து ஞானஸ்நானத் தொட்டியருகில் வைத்த பெயரைக் கழற்றிவிட்டு அவள் மாட்டிக்கொண்ட பெயர். அதற்காக அவர் அன்று வருந்தினார். பின்னால் அதுவே அவருக்கு வசதியாகவும் போயிற்று என்பதை இந்த இருட்டில் ஒப்புக்கொள்ளலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் படங்களுக்கு மதிப்பெண் போட்டு எழுதுகிற 'இல்லத்தூது' மாத இதழின் வாசகர்களில் ஒருவருக்குக்கூட நித்திலா யாருடைய மகள் என்று தெரியாது. முன்பக்கத்தில் ஒருவன் மேசையைத் தட்டிக் கத்தினான். சுட்டுவிரலின் நடுக்கணு. ஒரு தம்ளரின் அடியில் மிச்சமிருந்ததைச் செண்பகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக் குடித்தாள். மேல்கணு. மூன்று. வசைச்சொல், மது, உடை, அடிதடி, இறைநிந்தை என்று ஐந்து தலைப்புகள், தலைப்புக்கு ஒரு நிரல், நான்கு கோடுகள் நிமிர்ந்தும் ஐந்தாவது அவற்றின் குறுக்கேயும், நூறிலிருந்து கழித்து வருவது மதிப்பெண். எழுபதுக்கு மேல் என்றால் குடும்பத்தோடு பார்க்கலாம், நாற்பதுக்குக் கீழ் என்றால் தவிர்க்கவும். அந்தப் பட்டியலைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருப்பதாகத் தூத்துக்குடியிலிருந்தும் கோலாரிலிருந்தும் கடிதம் எழுதியவர்கள் உண்டு. உங்கள் கோடுகள்தான் எங்கள் வீட்டுக்கு வேலி என்று ஒரு தாய் எழுதியதைச் சட்டம்போட்டு மாட்டச் சொன்னார்கள். அவர் மாட்டவில்லை, ஆனால் தூக்கியும் எறியவில்லை. கோடு போடக் குனிய வேண்டும். குனிகிறபோது திரை தெரியாது. அடுத்த கோட்டுக்கு நிமிர்ந்து, அது விழுந்ததும் மறுபடி குனிந்து, அப்படியே முப்பது ஆண்டுகள். இன்று குனிய வேண்டிய தேவை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் செண்பகம் முதல் முறையாக முகத்தைத் திருப்பினாள், அவர் கண்கள் அப்போதே மடியைப் பார்த்துக் குனிந்துவிட்டன.

அப்படித்தான் அந்த முதல் நாளும், ஜெமிமாவுக்கு ஐந்து வயது, விடுமுறை, மனைவி ரோஸ்லினுக்கு உடம்பு சுகமில்லாததால் பிள்ளையை அவர் மட்டும் கூட்டிக்கொண்டு போனார், யானை வருகிற படம் என்று சொன்னார்கள், யானை வருவதற்கு முன்னால் ஒருவன் வந்து ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்தான். துரைசிங் தம் உள்ளங்கையால் பிள்ளையின் இரண்டு கண்களையும் பொத்தினார். அவ்வளவு சின்ன முகம், ஒரு கை போதுமாயிருந்தது. பொத்திய கைக்குள் இமைமயிர் அசைந்துகொண்டே இருந்தது, கண்ணை மூடாமல் அந்த இருட்டுக்குள்ளேயே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அதற்குப் பொருள், அது அவருக்கு அன்று தெரியவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வெயில், பேருந்து, சன்னலோரம். பேருந்து இரண்டு நிறுத்தங்கள் போன பிறகு அவள் கேட்டாள், அப்புறம் என்னப்பா ஆச்சு என்று. அவருக்குத் தெரியாது. தெரியாததால் சொன்னார்: அந்தக் கெட்டவன் அழுதான், மன்னிப்புக் கேட்டான், அந்த அக்கா அவனை மன்னித்துவிட்டாள், யானை எல்லாரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தது. அவள் நம்பினாள். பிறகு பாதியில் எழுந்து வந்த ஒவ்வொரு படத்துக்கும் வீடு வந்து சேர்வதற்குள் அவர் ஒரு முடிவு கட்டினார், எல்லா முடிவிலும் யாரோ ஒருவர் மனம் திரும்பினார். அந்தப் பேருந்துப் பயணங்களை இப்போது தொடாமலிருப்பது நல்லது. அந்த மாதமே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார், கடிதம் கட்டுரையாயிற்று, கட்டுரை 'குடும்பத்தோடு பார்க்கலாமா?' என்ற பகுதியாயிற்று, பகுதி ஓர் ஊழியமாயிற்று. கன்னியாகுமரி வரை போய்ப் பேசினார். எழுந்து வருதல் என்று அதற்கு ஒரு பெயரும் நிலைத்துவிட்டது: முதல் முப்பது நிமிடத்தில் இருபத்தைந்து கோடுகள் விழுந்தால் எழுந்துவிட வேண்டும், சத்தம் போடக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, வரிசையாக எழுந்து வெளியேற வேண்டும், நாம் எழுந்து வருவதே நம்முடைய சாட்சி. சபையின் வாலிபர் ஐக்கியத்தில் நாற்பது பேர் ஒருமுறை அவர் பின்னால் எழுந்து வந்தார்கள். தியேட்டர்க்காரர் மின்சாரக் கோளாறு என்று எண்ணிப் பதறிப்போய் ஓடிவந்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பல ஆண்டுகள் சிரித்தார்கள். விழுந்த கோடுகளைக் கொண்டே, பார்க்காத மற்றப் பாதிக்கும் சேர்த்து ஊகமாகக் கழித்து மதிப்பெண் போட்டார். பார்க்காத பாதியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

நடுவிரலின் கணுக்கள் முடிந்து மோதிரவிரலுக்குக் கட்டைவிரல் நகர்ந்தது, ஏழு, எட்டு. நிறுத்தினார். கையை விரித்து முழங்காலின் மேல் கவிழ்த்து அழுத்தினார். இப்போது பார். உன் மகள்தான் அது, பார். செண்பகம் கடை முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், கேட்ட குரலாயிருந்தது, கேட்ட குரல்தானே என்று மனம் சொன்னது, இல்லை, அதைவிடப் பழைய ஒன்று, அந்த மூச்சு. சொல்லுக்கு முன்னால் வயிற்றிலிருந்து எடுக்கிற மூச்சு. அதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு மனப்பாடப் போட்டி, ஏழு வயது, வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, மொட்டைமாடியின் ஒரு மூலையில் அவளை நிறுத்தி மறுமூலைக்குப் போய் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டு, தோளைத் தூக்காதே, மூச்சை வயிற்றிலிருந்து எடு, கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு பாட்டையா உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் கேட்க வேண்டும் என்பார். அவள் சொல்லுவாள். கேட்கவில்லை என்று அவர் சைகை காட்டுவார். மறுபடி சொல்லுவாள். துணி காயப்போட வந்த ரோஸ்லின், கேக்குதுன்னு சொல்லுங்களேன், பிள்ளைக்குத் தொண்டை கட்டப்போகுது என்பாள். எழும்பூர்வரை கேட்டது. முதல் பரிசு, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து. இப்போது அதே மூச்சை எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, மதுக்கடை முதலாளியை அவள் கேட்ட ஒரு கேள்வியில் அச்சில் ஏற்ற முடியாத சொல் ஒன்று நடுவில் வந்தது, அது கடைசி வரிசையில் காது மந்தமாகிவிட்ட ஒரு கிழவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. முன்வரிசைகளில் யாரோ விசிலடித்தார்கள். முழங்காலின்மேல் கவிழ்ந்திருந்த கைக்கு அடியில் விரல் ஒன்று மடங்கியது. அதை உணர்ந்தார். வேட்டிக்கு அடியில் எலி ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நிறுத்த முடியவில்லை. கல்லூரி முடித்து நாடகக் குழுவில் சேரப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற அன்று, தம்மால் இயன்ற மென்மையோடு ஏன் என்று கேட்டார்; நீங்க என் கண்ணைப் பொத்துன இடத்துலல்லாம் என்ன நடந்துச்சுன்னு பாக்கணும்ப்பா என்றாள். பகடி என்றுதான் நினைத்தார். ரோஸ்லின் அடுப்படியிலிருந்து சிரித்தாள், அதனால் பகடிதான் என்று முடிவே செய்துவிட்டார்.

முதல் படத்துக்கு முப்பத்தெட்டு, இரண்டாவதற்கு இருபத்தொன்பது, மூன்றாவதற்கு முப்பத்தொன்று. மூன்றையும் அவரே எழுதினார். வேறொருவரை எழுதச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம், கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மகள் என்றும் பாராமல் எழுதியதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார், மகள் என்று யாருக்கும் சொல்லாமல் எழுதினார் என்பதே உண்மை. மூன்றாவது வெளிவந்த வாரம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எப்படி நடிச்சிருந்தேன்ப்பா, அத மட்டும் சொல்லுங்க என்றாள். அது என் பகுதியில் வராதும்மா என்று அவர் சொன்னார். சொன்ன மறுகணமே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வாய் திறந்தார், ஆனால் எதை வைத்துத் திருப்பி எடுப்பது, முப்பதாவது நிமிடத்தில் எழுந்து வந்தவரிடம் சொல்ல என்ன இருந்தது, இருபத்தாறு கோடுகள் இருந்தன. ரோஸ்லினிடம் இருந்தது. மகளிர் ஐக்கியக் கூட்டம் என்று சொல்லிவிட்டு மதியக் காட்சிக்குத் தனியே போய் மூன்று படங்களையும் இரண்டிரண்டு முறை பார்த்திருந்தாள், இறப்பதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் அதைச் சொன்னாள், குற்றம் ஒப்புக்கொள்கிற குரலில் இல்லை, மிச்சம் வைத்த பலகாரத்தைக் காட்டித் தருகிற குரலில். அந்தப் பிள்ளை ஓர் இடத்துல கதவைச் சாத்திட்டு அப்படியே நிக்கும் பாருங்க, என்றாள். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. நீங்க பாக்கவா போனீங்க, கணக்கெடுக்கல்ல போனீங்க என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடக்கத்துக்கு ஜெமிமா வந்தாள், பெண்களோடு நின்றாள், பெண்களோடு போய்விட்டாள். அரங்கின் இருட்டில் கைக்கடிகாரத்தின் பச்சை முட்கள் பதினொன்று நாற்பத்தேழு என்று காட்டின, முப்பதாவது நிமிடம். விரல்கள் எப்போதோ இருபத்தைந்தைத் தாண்டி மூன்றாம் சுற்றில் நின்றன. உடம்பு எழுந்தது. அவர் எழவில்லை, உடம்பு எழுந்தது, தொடைகள் இறுகின, உள்ளங்கைகள் இருக்கையின் கைப்பிடிகளை அழுத்தின, மணியடித்தால் வகுப்பை விட்டு வெளியேறுகிற அதே கீழ்ப்படிதலோடு இடுப்பு ஓர் அங்குலம் உயர்ந்தேவிட்டது. அந்த ஓர் அங்குலத்தில் அப்படியே நின்றார். பிறகு, சுமையை இறக்கி வைப்பதைப்போல, உட்கார்ந்தார். வியர்த்திருந்தது. அதன் பிறகு இடைவேளை வரை திரையில் என்ன ஓடியது என்று கேட்டால், உட்கார்ந்திருந்தேன் என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும், ஆனால் உட்கார்ந்திருந்தார்.

விளக்குகள் எரிந்ததும் இரண்டு வரிசைகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் ஒட்டுமொத்தமாக அவரைத் திரும்பிப் பார்த்தது: கணவன், மனைவி, ஒரே துணியில் கவுன் தைத்துப்போட்ட இரண்டு சிறுமிகள். அவர் வராந்தாவுக்கு நடந்தார், அவர்களும் வந்தார்கள். சோளப்பொரி விற்கிற இடத்தருகே அந்த மனிதர் கைகூப்பி, ஸ்தோத்திரம் ஐயா, துரைசிங் ஐயாதானே, பத்திரிகையில வர்ற படத்தைவிட நேர்ல இளமையா இருக்கீங்க என்றார். வில்லிவாக்கம் சபை, பெயர் கிருபாகரன், இது மேபல், இல்லத்தூது வந்தால் முதலில் உங்கள் பக்கத்தைத்தான் திருப்புவோம். சுவரொட்டியில் தாயும் குழந்தையும் இருந்ததால் குடும்பப் படம் என்று நம்பிப் பிள்ளைகளோடு வந்துவிட்டார்களாம். முதல் வசவிலேயே எழுந்திருக்கலாம் என்று மேபல் சொன்னாளாம். அதற்குள் ஐயா பின்னால் உட்கார்ந்திருப்பதைச் சின்னவள் பார்த்துவிட்டாளாம். "நீங்க எழுந்திருப்பீங்க, நாமளும் கூடவே எழுந்திருக்கலாம்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தோம் ஐயா. இவளுக்குக் கழுத்தே சுளுக்கிருச்சு" என்று மனைவியைக் காட்டிச் சிரித்தார். மேபல் சிரிக்கவில்லை. ஐயா ஏன் எழவில்லை என்ற கேள்வி அவள் முகத்தில் அப்படியே இருந்தது, அதில் குற்றச்சாட்டு இல்லை, வேலி இருந்த இடத்தில் வேலியைக் காணாதவளின் குழப்பம் இருந்தது. சொல்வதற்கு அவரிடம் மூன்று நல்ல பதில்கள் இருந்தன: முழுவதும் பார்த்து எழுதலாம் என்று இருக்கிறேன், கால் மரத்துப்போயிற்று, நேரம் பார்க்கத் தவறிவிட்டேன். மூன்றும் வரிசையாக வந்து வாய்க்குள் நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு நான்காவதாக ஒன்று வந்தது.

"அந்தச் செண்பகமா நடிக்கிறது என் மக."

சிறுமிகளில் மூத்தவள் அவரை ஆவலோடு நிமிர்ந்து பார்த்தாள். கிருபாகரனுடைய முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் சற்று நின்று, பிறகு ஒவ்வொரு மூலையாக அணைந்தது. மேபல் இரண்டு பிள்ளைகளையும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள், வெடுக்கென்று அல்ல, மழை வருகிறபோது இழுப்பாளே அப்படி. அவள் கண்கள் கலங்கிவிட்டன. எத்தனை பாரம் ஐயா, இத்தனை பாரத்தையும் தனியா சுமந்துக்கிட்டா எங்களுக்கு எழுதுனீங்க என்றாள். அப்படி இல்லையம்மா என்று அவர் தொடங்கினார். ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிருவோம் ஐயா என்று கிருபாகரன் அவர் தோளில் கைவைத்தார், கைவைத்தபோதே கண்களை மூடிவிட்டார், மேபலும் மூடினாள், பிள்ளைகள் மூடின, அதன்பின் அவரும் மூடினார். சோளப்பொரியின் வெண்ணெய் வாடை. அன்பின் பரலோகத் தகப்பனே என்று குரல் எழுந்தபோதே இடைவேளை முடிந்ததற்கான மணியும் அடித்தது. ஒரு வார்த்தை என்றார். துரைசிங்குக்கு ஒரு வார்த்தை ஜெபங்கள் தெரியும், அவரே செய்திருக்கிறார், முதலில் நன்றி, பிறகு இந்த நாளுக்காக நன்றி, கூட்டிச் சேர்த்த விதத்துக்காக நன்றி, அதன் பின்னரே விண்ணப்பம். செருப்புச் சத்தங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயின. கதவுத் திரை விழுந்த ஓசை கேட்டது. தூரமாய்ப் போன இந்த மகளை நினைத்தருளும், அவள் கண்களைத் திறந்தருளும். கையை எடுத்துவிட்டுப் போய்விடலாம். ஒரு படத்தின் நடுவிலிருந்து எழுந்து வர ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு ஜெபத்தின் நடுவிலிருந்து எழுந்து போகத் தெரியவில்லை. ஆமென் சொல்லப்படும் முன்னால் கண் திறக்கிறவன் கடவுளுக்கு முன்னால் கதவைச் சாத்துகிறான் என்று வாலிபர்களிடம் அவர் சொல்லியிருக்கிறார், நாற்பது பேரும் அதை எழுதிக்கொண்டார்கள். தோளின் மேலிருந்த கை கனத்தது. நல்ல கை, அவருக்காக உண்மையாகவே அழுகிற மனிதருடைய கை, அதைத் தட்டிவிட எப்படி முடியும். காதை மட்டும் திரைக்குப் பின்னால் அனுப்பினார். அவள் குரல் கேட்கிறதா? இல்லை. சுவர்க்கோழி, எங்கோ ஒரு வாளி வைக்கப்படும் ஓசை, காற்று, வேறொன்றும் இல்லை. அவள் பேசினால் அது இங்கே கேட்கும், கேட்கும்படி பேச அவர்தான் பழக்கினார். கேட்கவில்லை என்றால் அவள் இந்த இடத்தில் இல்லை, ஆகவே எதுவும் தவறிப்போகவில்லை. அப்படி ஆறுதல் சொல்லிக்கொண்டார். இவருடைய முதிர்வயதில் இவர் முகம் வெட்கப்படாதபடி இவர் மகளை அந்தச் சேற்றிலிருந்து தூக்கியெடும் என்று கிருபாகரனின் குரல் உடைந்தது. மேபல் விம்மினாள். ஆமென் என்றார்கள். ஆமென் என்று அவரும் சொன்னார். எதற்கு ஆமென் சொன்னோம் என்பது சொல்லி முடித்த பின்னரே புரிந்தது. அவர்கள் பிள்ளைகளோடு வாசல் பக்கமாக நடந்தார்கள், ஐயாவும் உடன் வருவார் என்று நினைத்துத் தயங்கி நின்றார்கள். நீங்க போங்க, நான் உட்காரணும் என்று சொல்லிவிட்டு அவர் திரையை விலக்கினார்.

உள்ளே குழாயடியில் வேறு ஒரு பெண் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தடுமாறி, யாருடைய முழங்காலிலோ இடித்து, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று சொல்லியபடி தம் இருக்கையை அடைந்தார். புதியவளிடம் கடை முதலாளி, செண்பகம் இருந்த வரைக்கும் இந்தக் குழாய்ல ஒரு சொட்டு ஒழுகுனதில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருந்த வரைக்கும் என்றால்? துரைசிங் முன்னால் குனிந்தார். இறந்துவிட்டாளா, போய்விட்டாளா, பிடித்துக்கொண்டு போனார்களா, யாராவது ஒருவர் திரையில் அதைச் சொல்லிவிட மாட்டார்களா? யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அரங்கில் உட்கார்ந்திருந்த நாற்பது ஐம்பது பேருக்கும் தெரிந்திருந்தது, அவருக்கு முன்னால் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருவாள் என்று உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை கதவு திறக்கிறபோதும் அவள்தான் என்று நினைத்தார். முதலாளியின் மனைவி வந்தாள், காவலர் வந்தார், ஒருமுறை வெறும் காற்று வந்தது. செண்பகத்தின் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. மழை பெய்தது. இப்போது அவர் குனியவில்லை, இமைக்கவும் அஞ்சினார், இதைப்போல ஒரு திரையை வாழ்க்கையில் பார்த்ததில்லை, சுவரின் காரை பெயர்ந்த இடம், கொடியில் தொங்கிய துணி, துணிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். வசவுகள் வந்தன, அடிதடி வந்தது, கட்டைவிரல் அசையவே இல்லை. அவள் இல்லாத படத்தில் அவருக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஒன்றரை மணி ஆனபோது எழுத்துகள் மேலேறத் தொடங்கின. அவற்றில் நித்திலா என்ற பெயர் முதலாவதாக வந்து, திரையின் மேல்விளிம்பில் மறைந்தது. அரங்கைப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து, முடிஞ்சிருச்சு பெரியவரே என்று சொன்னார்.

முடியும் வரை உட்கார்ந்தாயிற்று. வாக்கின்படி பார்த்தால் நிபந்தனை நிறைவேறிவிட்டது, அழைக்கலாம். தியேட்டருக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு எண்ணைத் தேடினார். ஒரே மணியில் எடுத்தாள். பதினொன்றே காலிலிருந்து கையிலேயே வைத்திருந்தாளா? அப்பா என்றாள். உட்கார்ந்தீங்களா என்று கேட்டாள். உட்கார்ந்தேன் என்றார். முடியற வரைக்குமா? முடியற வரைக்கும். அவள் சிரித்தாள், அல்லது அழுதாள், ஐந்து வயதிலும் அவளுக்கு இரண்டும் ஒரே ஓசையில்தான் தொடங்கும். "அப்ப அந்த இடம் பாத்தீங்கள்லப்பா? இன்டர்வெல் முடிஞ்ச உடனே. பிள்ளைய விட்டுட்டுக் கெளம்பிப் போவேனே, வாசல்ல நின்னு. நாலு நிமிஷம், ஒரே ஷாட்டு. அதுல நான் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். அதுக்காகத்தான் உங்கள வரச் சொன்னேன். எப்படி இருந்துச்சுப்பா?" தகரக் கூரையில் காகம் ஒன்று நடந்தது. நன்றாக இருந்தது என்று சொல்லலாம், இரண்டே சொற்கள். பார்க்காத பாதிக்கு மதிப்பெண் போடுவது அவருக்குப் புதிதா என்ன, முப்பது ஆண்டுகளாக அதைத்தானே செய்தார், வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவு கட்டத் தெரிந்தவர்தானே. அவள் நம்புவாள். நம்பினால் ஞாயிற்றுக்கிழமை வருவாள், அடுப்படியில் நின்று பேசுவாள். நாக்கு அந்த முதல் எழுத்துக்காகப் பல்லைத் தொட்டுக்கூட விட்டது.

"அத நான் பாக்கலம்மா."

"எழுந்து வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. வெளிய நின்னுட்டேன். நம்ம வாசகர் ஒருத்தர் ஜெபம் பண்ணார்."

"யாருக்கு?"

"உனக்கு."

அவள் பக்கத்தில் எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது. பிறகு, சரிப்பா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வேலை முடிந்த இடத்தில் விளக்கை அணைக்கிறவர்கள் சொல்வதைப்போலச் சொன்னாள். அவர் அவசரமாகப் பேசத் தொடங்கினார், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், சைக்கிளை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில்: ஆனா மத்தத பாத்தேம்மா, நீ அந்தப் பெரிய அண்டாவக் கவுத்துட்டு அதுமேல உக்காந்து காலத் தொங்கப்போட்டியே, ஒரு கால்ல செருப்பு இல்ல, அந்தப் பெருவிரல மடக்கி மடக்கி நிமித்துனியே, அத பாத்தேன், முதலாளி திட்டும்போது நீ அவரப் பாக்காம அவர் சட்டைப் பொத்தானப் பாத்தியே, ஒரு பொத்தான் இல்லாத எடத்த, அத பாத்தேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது ஒன் வாயும் சேந்து தெறந்துச்சு, அது நடிப்பா இல்ல ஒனக்குத் தெரியாமயே தெறந்துச்சாம்மா, நீ நல்லாச் செஞ்சிருந்த, நான் சொல்றது கேக்குதா, ரொம்ப நல்லாச் செஞ்சிருந்த என்று, இதெல்லாம் தம் கண்ணில் எப்போது விழுந்தது என்று தாமே வியந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மூச்சு வாங்கி, பதிலுக்காக நிறுத்தி, போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. அதைத் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து, தாழ்ந்த குரலில், சொல்லத் தொடங்கினார்.